ஓடம் கேட்டவருக்கு ஒரு மயில்

நேரலை என்றால், இங்கே நான் தும்மினால் அங்கே அதே நொடியில் தும்மல் கேட்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். சின்ன வயசு நம்பிக்கை இல்லை இது. ஐம்பத்திரண்டு வயதில், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றபடி, முழுசாக ஒன்றரை வருஷம் நம்பினேன். போனில் ஹலோ என்றால் உடனே ஹலோ வருகிறது, இதுவும் அதே போன்தானே என்பது என் விஞ்ஞானம். இந்த விஞ்ஞானத்தை வைத்துக்கொண்டு ஒரு கல்யாண வீட்டுச் சுவரைப் பாழாக்கினேன். சுவரோடு போயிருந்தால் பரவாயில்லை. பதினான்கு வருஷமாக வெளிநாட்டில் உழைக்கிற ஒரு மனிதரை அவர் வீட்டுக்கே அந்நியராக்கப் பார்த்தேன்.

பொன்மலையில் ரயில் பெட்டிகளுக்கு எண்ணும் எழுத்தும் எழுதுவது என் உத்தியோகம். நான் எழுதின எண்கள் இந்தியா முழுக்க ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்றாவது திரும்பி வந்து, உன் எட்டு அழகாக இருக்கிறது என்று சொன்னதில்லை. யாராவது பார்க்க மாட்டார்களா, பார்த்து ஏதாவது சொல்ல மாட்டார்களா என்ற ஏக்கம் ஒரு வயதுக்கு மேல் மூட்டுவலி மாதிரி. காலையில் எழுந்ததும் இருக்கிறது, மத்தியானம் மறந்துவிடுகிறது, மழை வந்தால் திரும்ப வருகிறது.

எங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு பெரிய சுவர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதற்கு வெள்ளை அடித்து, துணிக்கொடிக் கம்பத்தில் போனைக் கட்டி, அதன் முன்னால் படம் வரைய ஆரம்பித்தேன். கட்டியது என் மனைவியின் பழைய புடவைக் கிழிசலில். ஒரு விதி வைத்துக்கொண்டேன்: என்ன வரைவது என்பதை நான் முடிவு செய்ய மாட்டேன். பார்க்கிறவர்கள் சொல்ல வேண்டும், நான் வெறும் கை. அடுத்த ஞாயிறு மறுபடி வெள்ளை. முதல் வாரம் மூன்று பேர் பார்ப்பதாகத் திரையில் எண் காட்டியது. ஒன்று என் மனைவி, கீழே சமையலறையில். ஒன்று என் மச்சினன், கடமைக்கு. மூன்றாவது யார் என்று ஒரு வாரம் புளகாங்கிதப்பட்டுக் கிடந்தேன். வீட்டிலிருந்த இன்னொரு போன் அது. நானேதான் போட்டு வைத்திருந்தேன்.

கேள்வி கேட்பேன். "வானத்துக்கு என்ன நிறம் வைக்கலாம், சொல்லுங்க." ஒரு பதிலும் வராது. ஒரு நொடி, இரண்டு நொடி, மூன்று. அந்த மூன்று நொடிக்குள் என் மனசு சமயபுரம் வரை போய் மொட்டை போட்டுக்கொண்டு திரும்பிவிடும். எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். என் குரல் பிடிக்கவில்லை. மூக்கில் பெயிண்ட் ஒட்டியிருக்கிறது, அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மௌனம் எனக்கு ஆகாது. சாவு வீட்டில்கூட ஏதாவது சொல்லி யாரையாவது சிரிக்க வைத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிற ஜென்மம். ஆகவே உடனே அடுத்த கேள்வி: "சரி, அது கிடக்கட்டும், காலையில என்ன டிபன் சாப்பிட்டீங்க?"

அப்போது பதில் வரும். சாம்பல்.

நான் பிரஷ்ஷோடு நின்றுவிட்டேன். யாரோ சாம்பல் சாப்பிட்டிருக்கிறார்கள். எவ்வளவு பெரிய துக்கமோ. அன்றைக்கு வாழை இலை போட்டு, அதில் சாம்பல் நிற மேகங்களைப் பரிமாறி, ஒரு குடும்பமே உட்கார்ந்து சாப்பிடுவதாக வரைந்தேன். சூப்பர் என்று எழுதினார்கள். ஆற்றில் என்ன மிதக்கிறது என்று கேட்டுவிட்டு, பொறுக்காமல், மலைக்கோட்டை உச்சியில் என்ன வைக்கலாம் என்று கேட்டேன். பரிசல் என்று வந்தது. உச்சியில் பரிசல் வைத்தேன். படிக்கட்டில் ஏறுகிறவர்கள் கையில் துடுப்பு. அடுத்த வாரம் நாற்பது பேர் பார்த்தார்கள். கனவு மாதிரி இருக்கு சார் என்று ஒருவர் எழுதியதை மனைவியிடம் மூன்று முறை படித்துக் காட்டினேன்.

அந்தக் காலைகளும் கனவு மாதிரிதான் இருந்தன. காவேரியில் தண்ணீர் விட்ட நாட்களில் அதிலிருந்தும் வடக்கே கொள்ளிடத்திலிருந்தும் மூட்டம் எழுந்து எங்கள் தீவின்மேல் மெதுவாகக் கூடும். கோபுரங்கள் அடிப்பாகம் இல்லாமல் மேல் நிலைகள் மட்டும் தெரிய மிதக்கும். தெற்கே மலைக்கோட்டை இருக்கும், ஒரு நிமிஷத்தில் இருக்காது. கிளிகள் கூட்டமாக ஒரு கோபுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும். நான் வெள்ளைச் சுவர் முன்னால் நிற்பேன். முகம் தெரியாத நாற்பது பேருடைய வார்த்தைகள், குளத்தின் அடியிலிருந்து வருகிற குமிழி போல, கண்ணாடித் திரையில் ஒவ்வொன்றாக மேலே ஏறி மறையும். யாருக்கும் யாரையும் தெரியாது. ஆனால் ஒரே சுவரில் எல்லோரும் கை வைத்திருக்கிறோம் என்று தோன்றும். தமிழ்நாட்டு மக்கள் ஆழ்மனதில் கவிஞர்கள் என்ற முடிவுக்கு வந்திருந்தேன். நான் ஒன்று கேட்டால் அவர்கள் வேறொன்று சொல்கிறார்கள், அதுவும் பொருந்துகிறது. இது கலை இல்லாமல் வேறென்ன?

துணி காயப்போட வந்த மனைவி ஒரு நாள் சுவரைப் பார்த்துவிட்டு, "இது என்னங்க, பரிசல் மலைமேல ஏறி நிக்குது" என்றாள். மக்கள் கேட்டார்கள் என்றேன். அவள் "ம்" என்றாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெண் எனக்குச் செய்தி அனுப்பினாள். திருச்சி பழைய ஊரில், நத்தர்ஷா பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு தெருவில் வீடு. அவளுடைய அப்பா, அவள் வாயில் அத்தா, வளைகுடாவில் ஒரு சரக்குக் கிடங்கில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறாராம். ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பிப் படுக்கும்போது நமக்குக் காலை பதினோரு மணி. ஞாயிற்றுக்கிழமைகளில் என் படத்தைப் பார்த்துக்கொண்டே படுப்பாராம். பார்த்தால் நன்றாகத் தூக்கம் வருகிறதாம். இதையும் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம். அத்தாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்று ஒரு மாதமாக இழுத்து, கடைசியில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவரே என்னிடம் பேசினார். குரல் தாழ்ந்த குரல், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைக்கிற ஆள். வீட்டு முற்றத்தில் ஒரு பெரிய சுவர் இருக்கிறது, அதன் முன்னால்தான் பெண்ணை உட்கார வைத்து எல்லோரும் போட்டோ எடுப்பார்கள், அதில் ஒரு படம் வரைய வேண்டும், ஆனால் வழக்கமாகச் செய்கிற மாதிரி என்னென்ன வேண்டும் என்பதை அங்கிருந்தே அவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் விஷயம் என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "மாப்பிள்ளை பக்கத்துல நான் நிக்க முடியாதுண்ணே. அவ பின்னாடி இருக்குற சுவராவது நான் சொன்னதா இருக்கட்டும்" என்றார்.

எனக்குச் சட்டென்று ஒரு நகைச்சுவையும் வரவில்லை. சரிங்க பாய் என்று மட்டும் சொன்னேன்.

குறித்த ஞாயிற்றுக்கிழமை பெயிண்ட் டப்பாக்களை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு பாலம் தாண்டிப் போனேன். பெண்ணின் அம்மா வாசலிலேயே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். "அண்ணே, ஒண்ணே ஒண்ணு. ஆள், மிருகம், பறவை, உயிருள்ளது எதுவும் சுவத்துல வேணாங்க. எங்க வீட்டுல வைக்கிற வழக்கமில்ல. மரம், செடி, தண்ணி, விளக்கு, எது வேணாலும் போடுங்க." தெரியும்மா என்றேன். தெரியும்தான். அந்தத் தெருவில் எனக்குச் சின்ன வயசு முதல் பழக்கம். எத்தனையோ வீடுகளில் பூக்கொடி எழுதியிருக்கிறேன்.

நேரலை அவர்கள் குடும்பத்துக்கு மட்டும். லிங்க் இருந்தால்தான் பார்க்க முடியும். ஏணியில் போனைக் கட்டினேன். அம்மாவும் பெண்ணும் தையல்காரரிடம் அளவு சரிபார்க்க வேண்டும் என்று கிளம்பினார்கள். கதவைத் திறந்தே வைத்து, எதிர்வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். முற்றத்தில் நானும், வெயிலும், சுவரும். திரையில் இரண்டு என்று எண் காட்டியது. ஒன்று பெண்ணின் அத்தா. இன்னொன்று ஸ்ரீரங்கத்தில் என் மனைவி.

முதல் ஒரு மணி நேரம் அற்புதமாகப் போனது. வானத்துக்கு என்ன நிறம் என்று கேட்டேன். விடியக்காலை நிறம் என்றார். கீழே தண்ணீர் வேண்டும் என்றார். கரையில் தென்னை வேண்டாம், நாணல் போதும் என்றார். பெரிய சுவர். ஒரு நிறத்தைப் பரப்ப ரொம்ப நேரம் ஆகும், நான் கேட்டுவிட்டு வேலையில் மூழ்கிவிடுவேன், நிமிர்ந்து பார்த்தால் பதில் காத்திருக்கும். முற்றத்தின் மேல் சதுரமாக ஆகாயம். சுவரில் அதே ஆகாயம் மெதுவாகப் பிறந்துகொண்டிருந்தது. எங்கேயோ ஒரு கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரு மனிதர் ஒவ்வொரு வார்த்தையாக என் கையை நகர்த்துகிறார் என்று நினைக்க நினைக்க, கை என்னுடையது இல்லாத மாதிரி லேசாக இருந்தது.

பரப்புகிற வேலை முடிந்தது. இனி பொருட்கள். நான் சும்மா இருக்கிற நேரம் ஆரம்பித்தது, வினையும் ஆரம்பித்தது.

"நடுவுல ஓடம் ஒண்ணு விடலாமா பாய்?" என்று கேட்டேன்.

பதில் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். பத்து வரை தாக்குப்பிடித்தேன், அது எனக்கு ஒரு சாதனை. ஓடம் என்றது பிடிக்கவில்லையோ. அவர் வீட்டில் யாராவது ஓடத்தில் போய் ஏதாவது ஆகியிருக்குமோ. சுத்த அபசகுனமாகக் கேட்டுவிட்டேனோ. பயந்தால் எனக்கு வாயில் நகைச்சுவை தானாக ஊறும். "என்ன பாய், சத்தத்தையே காணோம். ஓடம் வேணாம்னா சொல்லுங்க, நல்ல தோகையோட மயில் ஒண்ணு நிறுத்திருவோம்" என்றேன். சிரிக்கட்டும் என்றுதான் சொன்னேன். சத்தியமாக வேறு எண்ணம் இல்லை.

திரையில் வார்த்தை ஏறியது. ஆமாண்ணே. அதுதான் வேணும். நடுவுல பெருசா வரைங்க.

சுவரைப் பார்த்தேன். திரையைப் பார்த்தேன். அந்த அம்மா சொல்லிவிட்டுப் போனது காதில் அப்படியே இருந்தது. புத்தி இருக்கிறவன் மறுபடி கேட்பான். நானும் கேட்டேன், அதைச் சொல்ல வேண்டும். "நெசமாவா பாய் சொல்றீங்க?" என்றேன். உடனே ஒரு சிரிக்கிற முகம் வந்தது. வாய் கொள்ளாத சிரிப்பு. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

சரி, அவர் வீடு, அவர் சுவர், அவர் மகள். வெளிநாடு போனவர்களுக்கு மனசு விசாலமாகிவிடும் போலிருக்கிறது என்று நானே ஒரு தத்துவம் சொல்லிக்கொண்டு நீலத்தைக் கலக்கினேன்.

என் வாழ்நாளில் அப்படி ஒரு மயிலை வரைந்ததில்லை. முப்பது வருஷமாக அச்செடுத்த மாதிரி எட்டும் ஒன்பதும் எழுதின கைக்குள் இப்படி ஒரு வளைவு ஒளிந்திருந்தது எனக்கே தெரியாது. கழுத்து ஒரே இழுப்பில் வந்தது. தோகை கீழே தண்ணீர்வரை வழிந்தது. ஒவ்வொரு பீலிக்கண்ணுக்கும் உள்ளே ஒரு துளி செம்பு நிறம் வைத்தேன். வெயில் சுவரிலிருந்து இறங்கி முற்றத்து நடுவுக்கு வந்திருந்தது. பள்ளிவாசல் பக்கம் புறா சிறகடிக்கும் சத்தம். நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோயிருந்தது.

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. திரும்பி, பெருமையாக ஒதுங்கி நின்றேன்.

அந்த அம்மா பையைக் கீழே வைக்காமல் நின்றார். பெண் அவருக்குப் பின்னால். "அண்ணே, இது என்னங்கண்ணே" என்றார் அம்மா. கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

பாய்தான் கேட்டார், பெரிதாக வரையச் சொன்னார் என்று போனை அவிழ்த்துத் திரையைக் காட்டினேன். அவர் எழுதியது அங்கேயே இருந்தது. அம்மா படித்தார். மகளிடம் கொடுத்தார். மகள் படித்துவிட்டு மயிலைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள்.

"அத்தாவுக்கு நம்ம வீட்டு வழக்கமே மறந்துபோச்சாம்மா?" என்றாள்.

அம்மா பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அதுவரை என் பயமெல்லாம் என்னைப் பற்றிய பயம். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்தது என்னைப் பற்றியதே இல்லை. பதினான்கு வருஷமாகப் பத்து மணி நேரம் நின்று வேலை பார்த்து, இந்த ஒரு சுவரைக் கேட்டுவாங்கிய மனிதர், இந்த வீட்டில் வாழ்ந்தவர் மாதிரியே இல்லை என்று அவள் நினைக்கிறாள். அவரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். மணி அடித்து அடித்து நின்றது. ராத்திரி முழுக்க வேலை பார்த்தவர், தூங்கிவிட்டார்.

நான் முற்றத்து மூலைக்குப் போய் மனைவிக்குப் போன் போட்டேன். ஆபத்தில் எனக்குத் தெரிந்த ஒரே எண் அது. நடந்ததைச் சொல்லி, நீதான் பார்த்துக்கொண்டு இருந்தாயே, அவர் ஆமாம் என்றாரா இல்லையா என்று கேட்டேன்.

"நான் கத்திரிக்காய் வாங்க கீழ போயிட்டேன். போன் மேல ஓடிக்கிட்டிருந்துச்சு" என்றாள். பிறகு, "ஏங்க, அவரு ஓடத்துக்குல்ல ஆமான்னு சொல்லியிருப்பாரு" என்றாள்.

மயிலுக்குத்தான் சொன்னார், நான் மயில் என்று சொன்ன உடனே பதில் வந்தது என்றேன்.

"உடனே எப்படிங்க வரும்? நீங்க பேசுறது அங்க போய்ச் சேர இருபது செகண்டாவது ஆகுமே. நீங்க மாடியில தும்முனா எனக்கு நேரா ஒரு தடவை கேக்கும். அப்புறம் நான் பாதி வெங்காயம் நறுக்கி முடிச்ச பிறகு போன்ல ஒரு தடவை தும்முவீங்க. ஒவ்வொரு வாரமும் அப்படித்தானே."

இதை ஏன் ஒன்றரை வருஷமாகச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். தெரிஞ்சேதான் கோக்குமாக்கா வரையிறீங்க, அதான் உங்க ஸ்டைலுன்னு நெனச்சேன். சரி, மயிலா போட்டீங்க? கோயில் சுவருன்னு நெனச்சுட்டீங்களாக்கும்."

போனை வைத்தேன். முதலில் தப்பி ஓடலாம் என்றுதான் தோன்றியது, மறைக்க மாட்டேன். ஸ்கூட்டர் வாசலில்தான் நின்றது. பாலம் தாண்டினால் தீவு. தீவில் யார் தேடுவார்கள்? கூடவே, தலைகீழாக ஒவ்வொன்றும் வந்து விழுந்தது. சாம்பல் நிறம் வானத்துக்குச் சொன்னது. பரிசல் ஆற்றில் மிதக்கச் சொன்னது. ஒரு கவிஞரும் இல்லை. எல்லோரும் கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்ன நல்ல மனிதர்கள். நான் ஒருவன்தான் ஒவ்வொரு பதிலையும் அடுத்த கேள்விக்கு மாட்டிக்கொண்டிருந்தேன். சிரிக்கிற முகம்கூட மயில் என்ற கிண்டலுக்கு. அது கிண்டல் என்று புரிந்து, சிரித்து, அந்தச் சிரிப்போடேயே தூங்கிவிட்டார் மனிதர்.

உள்ளே போய் இருவரிடமும் சொன்னேன். இருபது விநாடிக் கதையைச் சொல்ல எனக்கு இருபது நிமிஷம் ஆனது, ஏனென்றால் எனக்கே அது ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் தெரியும். தப்பு முழுக்க என்னுடையது, இப்போதே வெள்ளை அடித்துவிடுகிறேன், அவர் எழுந்திருக்கும்முன் தடம் தெரியாமல் ஆக்கிவிடுகிறேன் என்று டப்பாவைத் திறந்தேன். பெண் வேண்டாம் என்றாள். "அத்தா எழுந்திரிச்சுச் சொல்லட்டும் அங்கிள். அவங்க வாயால கேக்கணும்."

அந்த மத்தியானம் எவ்வளவு நீளம் என்று எனக்குத்தான் தெரியும். தொழுகை நேரம் வந்ததும் அம்மா ஒரு போர்வையை எடுத்து வந்து மயில்மேல் மாட்டினார். தோகையின் நுனி மட்டும் அடியில் எட்டிப் பார்த்தது. நெய்ச்சோறும் தால்ச்சாவும் வைத்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன். பயத்தில் பசிக்கிற உடம்பு. பிறகு தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். போர்வை காற்றில் மெல்ல உப்பி, திரும்ப ஒட்டியது. உள்ளே மயில் மூச்சு விடுகிற மாதிரி. வெயில் சதுரம் முற்றத்தைக் கடந்து எதிர்ச்சுவரில் ஏறியது. கண்ணை மூடினால் மூட்டம் பிடித்த ஆறு, அக்கரையில் ஒருவர் வாயைத் திறந்து ஏதோ சொல்கிறார், சத்தம் இன்னும் தண்ணீர்மேல் வந்துகொண்டே இருக்கிறது. இந்தக் கரையில் நான் அதற்குள் பத்துக் கேள்வி கேட்டுவிட்டேன்.

நாலு மணிக்கு அவரே கூப்பிட்டார். தவறிய அழைப்புகளைப் பார்த்துப் பதறியிருந்தார். பெண் ஸ்பீக்கரில் போட்டு, சலாம் சொல்லி, நலம் விசாரித்து, அதன் பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அத்தா, சுவத்துல மயில் நீங்களா கேட்டீங்க?"

"மயிலா? ஓடம்ல கேட்டேன்" என்றார். ஒரு நொடி விட்டு, "நம்ம வீட்டு சுவத்துல மயில் வைப்பேனாம்மா நான்?" என்றார்.

அம்மா எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டார். பாத்திரங்கள் அவசியமில்லாமல் இடம் மாறுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். நான் போனில் பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் நீங்கள் ஜோக்கடிக்கிறீர்கள் என்று நினைத்தேன் அண்ணே என்று சொல்லிச் சிரித்தார். பிறகு போர்வையை எடுத்துக் காட்டச் சொன்னார். அங்கே வீடியோ கால் ஒழுங்காக எடுக்காது, அதனால் மறுபடி ஏணியில் போன், மறுபடி நேரலை.

மயிலைப் பார்த்துவிட்டு, வெள்ளை அடிக்க வேண்டாம் என்று எழுதினார். இதற்குள்ளேயே ஓடம் இருக்கிறது, எடுங்கள் என்றார்.

அன்றைக்குத்தான் நான் முதல்முதலாக நேரலையில் வரைந்தேன் என்று சொல்ல வேண்டும். ஒரு கேள்வி. கேட்டதும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட வேண்டும் என்று பெண் உத்தரவு. அவள் படியில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணுவாள். நான் வாயை மூடிக்கொண்டு நிற்பேன். இருபது விநாடி என்பது ஒரு சின்ன அறை மாதிரி. அதற்குள் நின்று பார்த்தால் என்னென்னவோ இருந்தது. எதிர்வீட்டில் தண்ணீர் பிடிக்கிற சத்தம், தெருவில் சைக்கிள் மணி, காய்ந்துகொண்டிருக்கிற நீலம். தூரத்தில் ஒருவர் யோசிக்கிறார். அவர் யோசித்து முடிக்கும்வரை சுவர் அவருடையது. இத்தனை நாள் அந்த அறையை நான் என் வாயால் அடைத்து வைத்திருந்தேன்.

மயிலின் வயிறு ஓடத்தின் அடிப்பாகமாக இருக்கட்டும் என்றார். ஆனது. கழுத்தை ஓடத்தின் முனை ஆக்கினேன். இன்னும் பறவை மாதிரியே இருக்கிறது என்று பக்கத்திலிருந்து அம்மா சொன்னார். அதைப் பாய் இருபது விநாடி கழித்துக் கேட்டு, தலையை எடுத்துவிட்டு அங்கே ஒரு விளக்கைத் தொங்க விடுங்கள் என்று எழுதினார். அதற்குள் அம்மா விளக்கு எந்தப் பக்கம் என்று யோசனை சொல்ல ஆரம்பித்திருந்தார். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் இரண்டு வாக்கியம் முந்திப் பிந்தி வாதாடிக்கொண்டிருந்தார்கள். இது எங்கள் வீட்டு வழக்கம்தான் என்றாள் பெண். தோகை தண்ணீர் ஆக வேண்டும். அதுதான் பெரிய வேலை. நூற்றுக்கும் மேல் பீலிக்கண்கள். ஒவ்வொன்றாக மூடி, ஒவ்வொன்றையும் ஒரு சுழிப்பாக, ஒரு அலையாக மாற்றிக்கொண்டே போனேன். தூங்க வைப்பது போல இருந்தது. செம்புத் துளிகளை மட்டும் விடச் சொன்னார், விளக்கு தண்ணீரில் விழுந்த மாதிரி இருக்கும் என்று.

ஏன் ஓடம் என்று கேட்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். கேட்டுவிட்டேன். பிரஷ்ஷை வைத்துவிட்டு நின்றேன். பெண் எண்ணினாள். இருபது தாண்டியது, முப்பது தாண்டியது. நான் பேசவில்லை.

முக்கொம்பு ஆத்தங்கரையில ஓடம் கேட்டு சின்னப் புள்ளையா அழுதா. அடுத்த லீவுல ஓடத்துல ஏத்துறேன்னு சொன்னேன். ஏத்தல. இப்படி எழுதியிருந்தார்.

பெண் அதைப் படித்துவிட்டு, போன் இருந்த பக்கமாகத் திரும்பி, "எனக்கு ஞாபகமே இல்லத்தா" என்றாள். நான் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு மிச்சமிருந்த அலைகளை வரைந்தேன்.

அடுத்த வாரம் கல்யாணம் நடந்தது. அவர் வரவில்லை. பெண்ணின் சார்பில் பெரியப்பா முன்னின்று நடத்தினார். நானும் மனைவியும் போயிருந்தோம், பிரியாணி சாப்பிட்டோம். முற்றத்தில் போட்டோ எடுக்கும்போது சொந்தக்காரர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றதில் சுவரே தெரியவில்லை. எல்லாப் படங்களிலும் ஓடம் மறைந்துவிட்டது. ஒரே ஒரு படத்தில் மட்டும் யாரோ குனிந்திருக்கிறார், மணப்பெண்ணின் தலைக்கு மேலே அந்த விளக்கு ஒரு சாண் அளவுக்குத் தெரிகிறது. அந்தப் படத்தைத்தான் பாய் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார்.